மென்பொருளில் மாடல் எதைக் குறிக்கிறது, மாடல்கள் ஒன்றோடொன்று எப்படி உறவாடுகின்றன: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் கிளாஸ் டயகிராம் (பொருள் வகைகளைக் கட்டங்களாகவும் உறவுகளைக் கோடுகளாகவும் காட்டும் படம்), ஈஆர் டயகிராம் (சேமிக்கும் தரவை அதேபோலக் காட்டும் படம்) என்று வரையச் சொல்வார்கள். வேலைக்கு வந்தபின் ஒயிட்போர்டில் நாமே வரைவோம். இரண்டு இடத்திலும் அம்புக்குறி சரியா, கட்டம் சரியா என்றுதான் பேச்சு ஓடுகிறது. அந்தக் கட்டம் எதற்குப் பதிலாக நிற்கிறது என்று யாரும் கேட்பதில்லை. மாடலிங்கில் வரும் பெரும்பாலான சண்டைகளுக்கு அதுதான் காரணம் என்பது என் கருத்து. கீழே எடுத்துக்காட்டாக ரயில் முன்பதிவை வைத்துக்கொள்கிறேன். ரயில்வேயின் மென்பொருள் உள்ளே எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது பற்றிய விளக்கம் அல்ல இது. டிக்கெட் எடுக்கும் எல்லோருக்கும் தெரிந்த விதிகளை மாடலாக்கினால் என்ன ஆகும் என்று பார்க்கிறோம், அவ்வளவுதான்.

மாடல் என்றால் என்ன? படம் வரைந்தாலே மாடலா?

படம் இருக்க வேண்டும் என்றே இல்லை. ஒரு அட்டவணை, ஒரு சமன்பாடு, நாலு வரி உரை, எல்லாமே மாடலாக இருக்கலாம். ஜெர்மன் தத்துவ அறிஞர் ஹெர்பெர்ட் ஸ்டாகோவியாக் 1973-இல் மாடலுக்கு மூன்று அடையாளங்களைச் சொன்னார். அது வேறு ஏதோ ஒன்றைக் குறிக்க வேண்டும். அந்த ஒன்றில் இருப்பதில் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட வேண்டும். யாரோ ஒருவருக்கு, ஏதோ ஒரு வேலைக்கு, மூலத்துக்குப் பதிலாகப் பயன்பட வேண்டும்.

மூன்றாவதை நாம் சுலபமாக மறந்துவிடுகிறோம். ஒரு ஸ்லீப்பர் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பதிவுக்கு அது எண் போட்ட படுக்கைகளின் வரிசை. பெரம்பூர் ஐசிஎஃப் பெட்டித் தொழிற்சாலையில் அதைக் கட்டுகிறவருக்கு எடை, அச்சு, பிரேக். இரண்டு பேர் வரைவதும் சரிதான். ஒருவர் படத்தைக் காட்டி இன்னொருவரிடம் "இதில் பிரேக் எங்கே?" என்று கேட்பதில்தான் அர்த்தமில்லை. விட்டுப்போனது குறையா இல்லையா என்பதை, அந்த மாடல் எதற்கு என்று தெரிந்த பிறகுதான் சொல்ல முடியும்.

இப்போது மாடல் என்றாலே ஏஐ மாடல்தானே?

இந்தப் பக்கத்தில் இல்லை. தரவிலிருந்து பயிற்சி பெற்ற எண்களின் தொகுப்பு அது. மேலே சொன்ன மூன்று அடையாளமும் அதற்கும் ஓரளவு பொருந்தும், ஆனால் அதைத் திறந்து "இந்தக் கட்டம் பயணியைக் குறிக்கிறது" என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. இங்கே பேசுவது மனிதர்கள் படித்துப் புரிந்துகொள்ளும் மாடல்களை.

கிளாஸ் டயகிராமில் "பயணி" என்று ஒரு கட்டம் இருந்தால் அது எதைக் குறிக்கிறது?

குறைந்தது மூன்று பதில் உண்டு. ஒன்று, பிளாட்பாரத்தில் பையோடு நிற்கும் மனிதர். இரண்டு, நிரலில் உள்ள கிளாஸ், அதாவது ஒரே வகைப் பொருட்களுக்கான அச்சு. மூன்று, டேட்டாபேஸில் ஒரு டேபிள். மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பதால் ஒரே பொருள் மாதிரித் தெரிகிறது. கொஞ்சம் தட்டிப் பார்த்தால் வித்தியாசம் வெளியே வரும்.

வாரா வாரம் ஊருக்குப் போய் வருகிற ஒருவர் நிஜத்தில் ஒரே ஆள். ஆனால் முன்பதிவில் ஒவ்வொரு பிஎன்ஆரிலும் அவர் பெயரும் வயதும் புதிதாகப் பதிவாகின்றன. அந்தப் பதிவு மனிதரைக் குறிக்கிறதா, அவருடைய ஒரு பயணத்தைக் குறிக்கிறதா? இரண்டாவதுதான். "ஒரு பயணிக்குப் பல டிக்கெட்டுகள்" என்று கோடு போட்டவர் மனதில் மனிதர் இருந்திருக்கிறார். "ஒரு டிக்கெட்டில் ஆறு பேர் வரை, ஒவ்வொரு பதிவுக்கும் ஒரே டிக்கெட்" என்று போட்டவர் மனதில் பதிவு இருந்திருக்கிறது. இருவரும் கோட்டின் நுனியில் 1 போடுவதா நட்சத்திரம் (பல என்று பொருள்) போடுவதா என்று ஒரு மணி நேரம் வாதாடுவார்கள். கட்டம் எதைக் குறிக்கிறது என்று முதலில் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

டிக்கெட்டின் நிலையும் அப்படித்தான். புதிதாக வரைகிறவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் "உறுதி / ஆர்ஏசி / காத்திருப்பு" என்பதை டிக்கெட் கட்டத்துக்குள் போடுவார்கள். ஒரே பிஎன்ஆரில் நான்கு பேருக்கு உறுதியாகி இரண்டு பேர் காத்திருப்பில் நிற்பது குடும்பத்தோடு பயணம் செய்த எவருக்கும் தெரியும். நிலை பயணிப் பதிவுக்குச் சொந்தம், டிக்கெட்டுக்கு அல்ல.

"ரயில்" என்று ஒரு கட்டம் போட்டால் போதாதா?

போதாது. இதை வகுப்பில் சொல்லித்தராமல் விடுவது ஆச்சரியம்.

12671 நீலகிரி எக்ஸ்பிரஸ் என்பது ஒரு வகை: எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு என்ற கால அட்டவணை. நாளை இரவு சென்னையிலிருந்து கிளம்பப் போகும் நீலகிரி என்பது அந்த வகையின் ஒரு நிகழ்வு. நீங்கள் டிக்கெட் எடுப்பது இதற்குத்தான். தாமதமாவது, ரத்தாவது எல்லாம் இதற்குத்தான் நேரும். அப்புறம், நிஜமாகவே தண்டவாளத்தில் நிற்கும் பெட்டிகளின் தொடர், அதாவது ரேக், மூன்றாவது பொருள். அதே ரேக் திரும்பும்போது 12672 ஆகிவிடும்.

"ரயில் தாமதம்" என்ற ஒரு புலத்தை (ஃபீல்டு) முதல் கட்டத்தில் வைத்தால், ஒரு நாள் தாமதமானதும் எல்லா நாளும் தாமதம் என்றாகிவிடும். கேட்கச் சிரிப்பாக இருக்கலாம், ஆனால் வகையையும் நிகழ்வையும் கலப்பது மாடலிங்கில் மிகச் சாதாரணமான தவறு. பாடமும் இந்த செமஸ்டரில் நடக்கும் வகுப்பும், மருந்தும் கடையில் இருக்கும் அட்டையும், விமான எண்ணும் இன்றைய விமானமும் எல்லாமே இதே சிக்கல்தான்.

படுக்கைக்கும் பயணிக்கும் என்ன உறவு? ஒரு படுக்கை, ஒரு பயணி என்று கோடு போட்டுவிடலாமா?

ஒரே படுக்கையில் சென்னையிலிருந்து ஈரோடு வரை ஒருவரும், ஈரோட்டிலிருந்து கோயம்புத்தூர் வரை இன்னொருவரும் போகலாம். ஆர்ஏசி என்றால் ஒரு சைடு லோயரில் இரண்டு பேர் உட்கார்ந்து போவார்கள். ஆகவே "படுக்கை நிரம்பியதா, ஆம் / இல்லை" என்ற ஒற்றைப் புலம் பொய் சொல்லும். உறவுக்கு நடுவே ஒதுக்கீடு என்று ஒரு தனிப் பொருள் வேண்டும். அதற்கு எந்த நிகழ்வு, எந்தப் படுக்கை, எந்த நிலையம் முதல் எந்த நிலையம் வரை, எந்தப் பயணிப் பதிவு என்ற நாலும் இருக்கும். 1976-இல் பீட்டர் சென் ஈஆர் மாடலை முன்வைத்தபோதே உறவுகளுக்கும் பண்புகள் இருக்கலாம் என்று இடம் கொடுத்திருந்தார். அதை மறந்து எல்லாவற்றையும் இரண்டு கட்டம், ஒரு கோடு என்று அடக்கப் பார்ப்பது நம் பழக்கம்.

மென்பொருள் படங்களுக்கான பொதுக் குறியீட்டு மொழியான யுஎம்எல்லில் கோட்டு நுனியில் வரும் நிரம்பிய வைரம், காலி வைரம், முக்கோணம் பற்றியும் கேட்பீர்கள். பெட்டி ஸ்கிராப்புக்குப் போனால் அதன் படுக்கைகளும் போகும்: நிரம்பிய வைரம். ஏசி பெட்டியும் ஒரு பெட்டிதான்: முக்கோணம். காலி வைரத்தை நான் பயன்படுத்துவதே இல்லை. வெறும் கோடு சொல்லாத எதையும் அது சொல்வதாகத் தெரியவில்லை.

மாடலும் நிஜமும் முரண்பட்டால் எதைத் திருத்துவது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

நில அளவைத் துறையின் புலப்படமும் ஒரு வீட்டு பிளானும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்: கோடுகள், அளவுகள். புலப்படம் இருக்கிற நிலத்தைச் சொல்கிறது. அளந்து பார்த்து வித்தியாசம் வந்தால் திருத்த வேண்டியது படத்தை. பிளான் இனி வரப்போகும் வீட்டைச் சொல்கிறது. வித்தியாசம் வந்தால் இடிக்க வேண்டியது சுவரை.

மென்பொருள் மாடல்களும் இந்த இரண்டு வகைதான்: விவரிப்பவை, விதிப்பவை. சிக்கல் என்னவென்றால் ஒரே படம் இரண்டு வேலையும் செய்யும். ஸ்டேட் டயகிராமில் (ஒரு பொருள் எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு மாறும் என்று காட்டும் படம்) காத்திருப்பு → ஆர்ஏசி → உறுதி என்று அம்பு போட்டிருக்கிறீர்கள். ரயில்வே விதிகளைப் பொறுத்தவரை இது விவரிப்பு. தத்காலில் ஆர்ஏசியே கிடையாது, காத்திருப்பு நேரே உறுதியாகும் என்று தெரியவந்தால் படம்தான் தப்பு. அதே படம் உங்கள் நிரலுக்கு விதி. படத்தில் இல்லாத ஒரு தாவலை நிரல் செய்தால் நிரல்தான் தப்பு. வாடிக்கையாளரோடு பேசும் கூட்டத்தில் படத்தை முதல் பொருளில் காட்டி, அவர் தலையாட்டியதும் டெவலப்பர்களிடம் இரண்டாம் பொருளில் நீட்டுகிறோம். நடுவில் யாராவது "இது நடப்பதா, நடக்க வேண்டியதா?" என்று கேட்க வேண்டும்.

ஒரே சிஸ்டத்துக்கு ஏன் இத்தனை படங்கள்? யுஎம்எல்லில் பதினான்கு வகை உண்டாமே?

யுஎம்எல் 2-இல் 14 வகை, உண்மைதான். எல்லாவற்றையும் வரைந்த புராஜெக்டை நான் பார்த்ததில்லை. கிரேடி பூச், ஜேம்ஸ் ரம்பா, ஈவார் ஜேக்கப்சன் ஆகிய மூவரும் தனித்தனியே வைத்திருந்த குறியீடுகள் ஒன்றுசேர்ந்து உருவானது அது. மென்பொருள் தரங்களை வகுக்கும் ஓஎம்ஜி அமைப்பு 1997-இல் அதை ஏற்றது. பல பேருடைய தேவை ஒரே மொழிக்குள் வந்ததால் வகைகளும் கூடிவிட்டன.

ஆனால் பல படங்கள் வேண்டும் என்பதற்கு நியாயமும் இருக்கிறது. ஃபிலிப் குருஷ்டென் 1995-இல் எழுதிய "4+1" முறையின் அடிப்படை அதுதான்: பயனருக்கு என்ன கிடைக்கிறது, இயங்கும்போது என்னென்ன ஓடுகின்றன, நிரல் எப்படிப் பிரிந்திருக்கிறது, எந்த மெஷினில் எது நிற்கிறது என்ற நாலும் நாலு ஆட்களின் கவலை. இவற்றைக் கட்டிவைப்பது ஐந்தாவதாக வரும் பயன்பாட்டுக் காட்சிகள். நாலையும் ஒரே படத்தில் திணித்தால் யாருக்கும் உதவாத படம்தான் மிஞ்சும்.

அப்படியானால் மாடல்களுக்கு இடையே என்னென்ன உறவுகள் இருக்கும்?

ஒரே சிஸ்டத்தின் இரண்டு பார்வைகள் என்பது ஒரு உறவு. இங்கே ஒன்று இன்னொன்றிலிருந்து வரவில்லை, ஆனால் ஒத்துப்போக வேண்டும். சீக்வென்ஸ் டயகிராமில் (யார் யாரை எந்த வரிசையில் அழைக்கிறார்கள் என்று காட்டும் படம்) "ஒதுக்கீட்டை விடுவி" என்று ஒரு அழைப்பு போகிறது, கிளாஸ் டயகிராமில் அப்படி ஒரு செயலே இல்லை என்றால் ஏதோ ஒன்று பழசு.

விரிவாக்கம் இன்னொன்று. சுருக்கமான மாடலில் "பணம் செலுத்து" என்று ஒரு படி இருக்கும். விரிவான மாடலில் அது வங்கிக்குப் போவது, பதில் வராமல் போவது, பணம் பிடித்தபின் சீட் இல்லாமல் போவது என்று ஏழெட்டுப் படியாகும். விரிவானது சுருக்கமானதை மீறக் கூடாது. மேலே "ரத்து செய்தால் பணம் திரும்பும்" என்று சத்தியம் செய்துவிட்டு, கீழே ஒரு பாதை பணத்தைத் திருப்பாமல் முடிந்தால் விரிவாக்கம் தோற்றுவிட்டது.

மூன்றாவது, மாற்றி எடுப்பது: ஈஆர் மாடலிலிருந்து டேபிள்கள். இதில் ஏதாவது தொலைந்தே தீரும். பலவற்றுக்குப் பல உறவு ஒரு இணைப்பு டேபிளாகிவிடும். டேபிள்களை மட்டும் பார்த்து மூல மாடலை மீட்கப் பார்க்கிறவருக்கு, அந்த டேபிள் ஒரு நிஜப் பொருளா வெறும் ஒட்டா என்று தெரியாது.

அப்புறம் ஒரு உறவு இருக்கிறது, அது குறிப்பதும் இல்லை, பெறுவதும் இல்லை: ஒரு மாடல் தன் மொழியின் விதிகளுக்குக் கட்டுப்படுவது. அடுத்த கேள்வி அதுதான்.

மெட்டாமாடல் என்றால் மாடலின் மாடலா?

பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் ரயில் முன்பதிவின் கிளாஸ் டயகிராமை இன்னும் சுருக்கி ஒரு படம் வரைந்தால் அதுவும் மாடலின் மாடல்தான், மெட்டாமாடல் ஆகாது. எந்த மொழியில் மாடலை எழுதுகிறோமோ அந்த மொழியை விவரிப்பதுதான் மெட்டாமாடல். "கிளாஸுக்குப் பண்புகள் உண்டு, கோட்டுக்கு நுனிகள் உண்டு" என்று அது சொல்லும். ரயிலைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

ஓஎம்ஜி இதை நாலு படியாக அடுக்கியது: எம்0-இல் ஓடுகிற சிஸ்டத்தின் நிஜப் பொருட்கள், எம்1-இல் உங்கள் மாடல், எம்2-இல் யுஎம்எல் போன்ற மொழி, எம்3-இல் மொழிகளை விவரிக்கும் எம்ஓஎஃப். எம்ஓஎஃப் தன்னைத்தானே விவரித்துக்கொள்வதால் எம்4 தேவைப்படவில்லை. இதில் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. நாளைய நீலகிரி 12671 நீலகிரியின் ஒரு நிகழ்வு என்பதும், "ரயில்வகை" என்ற கட்டம் யுஎம்எல் கிளாஸின் ஒரு நிகழ்வு என்பதும் வேறு வேறு உறவுகள். முதலாவது ரயில்வே உலகத்துக்குள் நடப்பது, இரண்டாவது மொழிக்கும் மாடலுக்கும் நடுவே நடப்பது. நாளைய ரயிலும் வண்டி எண்ணும் இரண்டுமே உங்கள் மாடலில் சாதாரணக் கட்டங்களாகவே நிற்கும். வேலையில் மொழியை உருவாக்குகிறவராக இல்லாவிட்டால், இதற்கு மேல் இந்தப் படிகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

நிரலே ஒரு மாடல்தானே? தனியாக எதற்கு?

ஆம், நிரலுக்குள்ளும் உலகத்தைப் பற்றிய ஒரு மாடல் ஒளிந்திருக்கிறது. அது ஒளிந்திருப்பதுதான் பிரச்சினை.

1996 ஜூன் 4-ஆம் தேதி தென் அமெரிக்காவின் கூரூ ஏவுதளத்திலிருந்து கிளம்பிய முதல் ஏரியன் 5 ராக்கெட் சுமார் 40 விநாடியில் சிதறியது. கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஒரு மதிப்பை 64-பிட் மிதவைப் புள்ளி எண்ணிலிருந்து 16-பிட் முழு எண்ணாக மாற்றும்போது, மதிப்பு 32,767-ஐத் தாண்டிவிட்டது. திசையறியும் கணினியும் அதன் மாற்றுக் கணினியும் ஒரே காரணத்தால் அடுத்தடுத்து நின்றன. நிரல் ஏரியன் 4-இலிருந்து அப்படியே எடுத்தது. அந்த ராக்கெட்டின் பாதையில் அந்த மதிப்பு அவ்வளவு பெரிதாக வழியே இல்லை, ஆகவே அங்கே நிரல் சரி. ஏரியன் 5-இன் கிடைமட்ட வேகம் சுமார் ஐந்து மடங்கு விரைவாக ஏறும்.

"இந்த எண் 16 பிட்டுக்குள் அடங்கும்" என்பது ஏரியன் 4-இன் பாதையைப் பற்றிய ஒரு மாடல். நிரலின் வகை அறிவிப்பில் அது இருந்தது, எதைக் குறிக்கிறது என்ற குறிப்பு அதோடு வரவில்லை. ஏரியன் 5-இன் பாதை விவரங்களை அந்தக் கருவியின் தேவைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று எல்லோரும் சேர்ந்தே முடிவு செய்திருந்ததாக விசாரணை அறிக்கை சொல்கிறது.

நம் உதாரணத்தில் இதன் சின்ன வடிவம்: ஸ்லீப்பர் பெட்டிக்கு 72 படுக்கை என்று நிரலில் எழுதிவைப்பது. அது பழைய ஐசிஎஃப் பெட்டியைப் பற்றிய உண்மை. புதிய வகையான எல்எச்பி ஸ்லீப்பரில் 80. எண்ணை எட்டால் வகுத்து மீதி ஏழு வந்தால் சைடு லோயர் என்ற விதி இரண்டிலும் நிற்கும், ஏசி இரண்டடுக்கில் விழுந்துவிடும். அங்கே ஆறு ஆறாகத்தான் எண்ண வேண்டும்.

மாடலிலிருந்து நிரலோ டேபிளோ தானாக வந்தால் முரண்பாடே வராதல்லவா?

குறையும், போகாது. ஜாங்கோ (பைத்தானில் வலைத்தளம் கட்டும் கருவித்தொகுப்பு) எழுதியவர்களுக்குத் தெரியும்: மாடல் கிளாஸை மாற்றி "மேக்மைக்ரேஷன்ஸ்" ஓட்டினால் டேபிளை மாற்றும் கோப்பு தயாராகும். அந்தக் கட்டளை மாடலை எதோடு ஒப்பிடுகிறது? டேட்டாபேஸோடு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, ஏற்கெனவே உள்ள மைக்ரேஷன் கோப்புகளைக் கூட்டினால் என்ன டேபிள் வருமோ அதோடு. யாராவது நள்ளிரவில் நேரே டேட்டாபேஸில் ஒரு புலத்தைச் சேர்த்துவிட்டால் ஜாங்கோவுக்குத் தெரியாது. ஆக இங்கே மூன்று இருக்கின்றன: மாடல், மைக்ரேஷன் வரலாறு, நிஜ டேபிள். கருவி முதல் இரண்டை மட்டும் ஒத்துப்பார்க்கிறது. மூன்றாவது உங்கள் பொறுப்பு. பழைய டேட்டாபேஸிலிருந்து மாடலை எடுக்கும் "இன்ஸ்பெக்ட்டிபி" எதிர்த்திசையில் போகிறது. அங்கே மாடல் விவரிப்பு, விதி இல்லை.

முழு நிரலையும் மாடலிலிருந்தே எடுக்கும் கனவை ஓஎம்ஜி 2001-இல் எம்டிஏ என்ற பெயரில் முன்வைத்தது. சாதாரண பிசினஸ் மென்பொருளில் அது பெரிதாக வேரூன்றவில்லை. கார், விமானக் கட்டுப்பாட்டு வேலைகளில் சிமுலிங்க் என்ற கருவியில் வரைந்த மாடலிலிருந்து சி மொழி நிரல் எடுப்பது அன்றாட நடைமுறை. அங்கே மாடலின் மொழி பொறியாளரின் சொந்த மொழியாகவே இருக்கிறது, அதனால் ஓடியது என்று நினைக்கிறேன்.

மாடலை ஓட்டிப் பார்த்துத் தவறு கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், குறியீட்டுக்குத் துல்லியமான அர்த்தம் இருந்தால். கணினி அறிஞர் லெஸ்லி லாம்போர்ட்டின் டிஎல்ஏ பிளஸ் என்ற மொழி அப்படிப்பட்டது. அமேசானின் டைனமோடிபி என்ற டேட்டாபேஸை அதில் மாடலாக எழுதிச் சோதித்தபோது வந்த ஒரு பிழையை அடைய, மிகக் குறுகிய வழியே 35 படிகள் நீளம். அத்தனை படி ஒரு குறிப்பிட்ட வரிசையில் நடந்தால் மட்டும் தரவு தொலையும். டெஸ்ட் கேஸ் எழுதி யாரும் அங்கே போய்ச் சேர மாட்டார்கள். கோர்டு என்ற புகழ்பெற்ற நெட்வொர்க் நெறிமுறை 2001-இல் வெளியானபோது சரியானது என்ற நிரூபணத்தோடு பேசப்பட்டது. ஆய்வாளர் பமேலா ஜேவ் அதை அலாய் என்ற மாடலிங் மொழியில் மாடலாக எழுதிப் பார்த்து, வெளியிடப்பட்ட வடிவம் சரியில்லை என்று காட்டினார்.

ஆனால் இந்தச் சோதனை மாடலைத்தான் சோதிக்கிறது. உங்கள் நிரல் அந்த மாடலைப் பின்பற்றுகிறதா என்பது தனிக் கேள்வி. உலகம் அதைப் பின்பற்றுகிறதா என்பது இன்னொரு தனிக் கேள்வி.

படங்கள் பழசாகிவிட்டன. திருத்துவதா, அழிப்பதா?

விவரிப்பா விதியா என்று முதலில் பிரியுங்கள். நிரலை அப்படியே நகலெடுத்த கிளாஸ் டயகிராம்கள் இருந்தால் அழித்துவிடுங்கள், வேண்டும்போது கருவி புதிதாக வரைந்துகொடுக்கும். நிரலைப் பார்த்து மீட்க முடியாதவற்றை வைத்துக்கொள்ளுங்கள்: ஒதுக்கீடு என்ற பொருள் ஏன் தனியாக வந்தது, தத்காலுக்கு ஏன் வேறு அம்பு, 72 என்பது எந்தப் பெட்டியைப் பற்றியது. அப்படி வைத்துக்கொள்ளும் ஒவ்வொரு படத்தின் மூலையிலும் இரண்டு வரி எழுதுங்கள்: இது எதைக் குறிக்கிறது, எந்தத் தேதி நிலவரம். முரண்பட்டால் எதைத் திருத்த வேண்டும் என்பதையும் சேர்த்தால் இன்னும் நல்லது, இடம் இருந்தால்.